நரம்பு அல்ல, தமனி: கால் இரத்தக் குழாயை ஸ்கேன் எப்படிப் பார்க்கிறது?

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் பெரியப்பா, வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போகையில் வழியில் ஒரு பூவரச மரத்தடியில் நிற்பார். தினமும் அதே மரம். இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டு மறுபடி நடப்பார். அங்கே வலை பின்னுகிறவர்களோடு ஊர்க்கதை பேசத்தான் நிற்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மை வேறு. அவ்வளவு தூரம் நடந்ததும் வலது கெண்டைக்கால் கயிறு முறுக்கியதுபோல் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். மனிதர் வெளியே சொல்லவில்லை.

தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை வந்தது. ஒருவர் நரம்பு இழுக்கிறது என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் நரம்பு சுருட்டல் என்றார். மூன்றாமவர் மதுரைக்குப் போய் ‘ஆஞ்சியோ’ செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பல ஆண்டுகளாக ஸ்கேன் அறையிலேயே வேலை பார்க்கும் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அந்த மரத்தடி நிறுத்தமே ஒரு நோய்க்குறி என்பது கண்முன் இருந்தும் எனக்குப் படவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்று யோசனைகளில் இருக்கும் குழப்பத்தைப் பற்றியது.

ஒரே சொல், மூன்று பொருள்

பேச்சு வழக்கில் தோலுக்கடியில் நீளமாக ஓடும் எதுவும் ‘நரம்பு’தான். ஊசி போடுவதும் நரம்பில், புடைப்பதும் நரம்பு, மரத்துப்போவதும் நரம்பு. ஆனால் உடலில் இவை மூன்று வேறு அமைப்புகள்.

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. திரும்ப இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய் சிரை. நரம்பு என்பது இரத்தக் குழாயே அல்ல. உணர்வையும் கட்டளையையும் கடத்தும் கம்பி.

காலில் பச்சையாக நெளிந்து புடைத்துத் தெரிவது சிரையின் சிக்கல். அதைத்தான் நரம்பு சுருட்டல் என்கிறோம். சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிவதும், எறும்பு ஊர்வதுபோல் இருப்பதும் பெரும்பாலும் நரம்பின் சிக்கல். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் போய்விடும் கெண்டைக்கால் வலி தமனியின் சிக்கல். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்குச் சும்மா நின்றால் போதாது. உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டும். பெரியப்பா நின்றபடியேதான் வலி தீர்ந்து நடந்தார். மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

கால் தமனிகள் சுருங்கியோ அடைபட்டோ போகும் இந்த நோய்க்குப் புறத்தமனி நோய் என்று பெயர். இதயத்துக்கு வெளியே, உடலின் புறப்பகுதிகளுக்குப் போகும் தமனிகளில் வருவதால் ‘புற’.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

எங்கள் கடலோரத்தில் போர் தண்ணீர்க் குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பு ஏடு ஏடாகப் படிந்து, கட்டை விரல் நுழையும் குழாயில் சுண்டுவிரல்கூட நுழையாது. தமனியிலும் கொழுப்பு, தழும்புத் திசு, பிறகு சுண்ணாம்புச் சத்து என்று படிந்து பாதை குறுகுகிறது.

உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். உப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டுகிறது, சுரண்டினால் வந்துவிடும். தமனியில் படிவது சுவரின் உள்ளே. சுவரே தடித்து உள்நோக்கிப் புடைக்கிறது. அதனால்தான் ‘அடைப்பைக் கரைக்கும் கஷாயம்’ விற்பவர்கள் சொல்வது நடப்பதில்லை. புகைபிடித்தல், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, வயது ஆகியவை இந்தப் படிவை வளர்ப்பவை. பெரியப்பாவின் கணக்கில் நாற்பது ஆண்டு பீடி.

பாதை குறுகியும் கால் ஏன் உடனே செத்துவிடுவதில்லை? வரத்துக் கால்வாய் தூர்ந்துபோன கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் ஓடையிலும் வயல் வரப்பிலும் வழி தேடி, மெதுவாகவாவது வந்து சேரும். காலிலும் அப்படித்தான். பெரிய தமனி அடைபட்டால் அருகிலுள்ள சிறு கிளைகள் மெல்ல மெல்லப் பெருத்து, அடைப்பைச் சுற்றிக்கொண்டு கீழே இரத்தத்தைச் சேர்க்கும். இவற்றைப் பக்கவழிக் குழாய்கள் என்போம். உட்கார்ந்திருக்கும் காலுக்கு அந்த இரத்தம் போதும். நடக்கும் காலுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும், வரவு பற்றாது, தசை வலியால் கத்தும்.

இதுவரை சொன்னதன் சாரம்: நோய் தமனியின் சுவரில் இருக்கிறது. ஓய்வில் இரத்தம் போதுமானதாக இருக்கிறது, நடையில் போதாமல் போகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கீழே அழுத்தம் குறைந்திருக்கிறதா? எந்த இடத்தில்? எவ்வளவு நீளத்துக்கு, எப்படிப்பட்ட அடைப்பு? ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் போட்டு அடைப்பவை இந்த மூன்று கேள்விகளுக்கான வெவ்வேறு விடைகள்.

படத்துக்கு முன்னால் ஒரு பட்டை

முதல் கேள்விக்குப் படமே வேண்டாம். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டினால் போதும். பேனா அளவுள்ள ஒரு சிறு ஒலிக்கருவியைப் பாதத்தின் தமனிமேல் வைத்து, துடிப்பு எந்த அழுத்தத்தில் திரும்பக் கேட்கிறது என்று பார்ப்போம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குக் கணுக்கால்–கை விகிதம் என்று பெயர். மருத்துவச் சீட்டில் ‘ஏ.பி.ஐ.’ என்று இருக்கும்.

பெரியப்பாவுக்குக் கையில் 150. வலது கணுக்காலில் 90. வகுத்தால் 0.60. இடது கணுக்காலில் 138, அதாவது 0.92. ஆரோக்கியமான காலில் 1.00 முதல் 1.40 வரை இருக்கும். 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் புறத்தமனி நோய். 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. இரு கால்களையும் முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

இத்தனை எளிய சோதனையைத் தாண்டிக் குதித்து, ‘பெரிய ஸ்கேன் எடுத்துவிடலாமா’ என்று கேட்டு வருகிறவர்களே அதிகம். பெரிய இயந்திரத்தின்மேல் நமக்கு இருக்கும் பக்தி அப்படி.

பட்டைக்கும் ஒரு கண்ணி உண்டு. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் நெடுநாள் இருந்தால், தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறிக் குழாய் கல்லாகிவிடும். பட்டையால் அதை அமுக்கவே முடியாது. எண் 1.40-ஐத் தாண்டிப்போகும், அல்லது நோய் இருந்தும் சரியானதுபோல் காட்டும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் சிறு பட்டை கட்டி அளப்பார்கள். விரல் தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறுவதில்லை. அங்கே 0.70 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய். ஓய்வில் எண் சரியாக இருந்தும் நடந்தால் வலிக்கிறது என்பவரை, நடக்கவைத்து மறுபடி அளப்பதும் உண்டு.

எங்கள் பக்கத்துக்கு இது முக்கியமான சங்கதி. பாம்பன் தீவைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் பாறையிலும் பவளத்திலும் கால் வைத்து வேலை செய்கிறவர்கள். அவர்களில் சர்க்கரை நோயால் பாத உணர்வு மங்கிய ஒருவருக்குக் கெண்டைக்கால் வலி என்ற எச்சரிக்கை வராமலே போகலாம். முதல் அறிகுறியே வாரக்கணக்கில் ஆறாத ஒரு கீறலாக இருக்கும். அந்தப் புண்ணைப் பார்க்கும் மருத்துவர் கட்டுப் போடுவதோடு விரல் அழுத்தத்தையும் அளந்தால்தான் கதை புரியும்.

படகிலும் எக்கோ, ஆஸ்பத்திரியிலும் எக்கோ

இரண்டாவது கேள்வி: எங்கே? இதற்கு முதலில் கை நீட்டுவது ஒலியிடம்.

விசைப்படகில் ஆழமும் மீன்கூட்டமும் பார்க்கும் எக்கோ கருவியைத் தெரியாதவர் எங்கள் கரையில் கிடையாது. கீழ்நோக்கி ஒலியை அனுப்புகிறது. மீனிலும் கடலடியிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டுத் திரையில் வரைகிறது. கால் ஸ்கேனும் அச்சு அசலாக இதுவே. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது; நம் சதையில் சுமார் 1,540 மீட்டர். உடம்பே ஒரு சிறு கடல்.

வேறுபாடு ஒலியின் அதிர்வெண்ணில், அதாவது ஒலி ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதில். மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும். அதற்கு மேலே உள்ளது மீயொலி. படகுக் கருவிகள் பொதுவாக 50,000-லும் இரண்டு லட்சத்திலும் வேலை செய்கின்றன. காலுக்கு ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி வரை. அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், எட்டும் ஆழம் குறையும். தொடைத் தமனி சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது என்பதால் பிரச்சினை இல்லை.

காற்று இந்த ஒலிக்குப் பகை. தோலுக்கும் கருவிக்கும் நடுவே மயிரிழை காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. சில்லென்று ஜெல் தடவுவது அதற்காக. அது மருந்து அல்ல. வயிற்றுக்குள் உள்ள தமனிகளையும் பார்க்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் வரச் சொல்வதும் அதே காரணத்தால்தான். குடலில் வாயு நிறைந்திருந்தால் பின்னால் இருக்கும் குழாய் தெரியாது. காலை நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, ‘காலைத்தானே பார்க்கப் போகிறீர்கள்’ என்று சண்டை பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிவப்பும் நீலமும்

எதிரொலி குழாயின் சுவரைக் காட்டும். உள்ளே ஓடும் இரத்தத்தின் வேகத்தைக் காட்டுவது டாப்ளர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிப் பக்கம் நின்று பாருங்கள். ஏர் ஹாரனை அழுத்தியபடி பஸ் நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாக இருக்கும். கடந்து போனதும் சட்டென்று தணியும். ஹாரன் மாறவில்லை, நகர்ச்சியால் ஒலி மாறியது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் இதற்கு விளக்கம் தந்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. இரத்தச் சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியும் இப்படி மாறுகிறது. எவ்வளவு மாறியது என்பதிலிருந்து வேகம் தெரியும். அந்த மாற்றத்தின் அளவு நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே விழுவதால் ஒலிபெருக்கியில் கேட்கவும் செய்யலாம்.

ஆரோக்கியமான கால் தமனியின் ஒலி மூன்று பகுதியாக வரும்: ஓங்கி முன்னால் ஒரு வீச்சு, குட்டையாகப் பின்னால் ஓர் இழுப்பு, மறுபடி முன்னால் ஒரு சிறு அசைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடியில் தென்கடல் அலை அடித்து, இழுத்து, அடிப்பது போல. அடைப்புக்குக் கீழே உள்ள தமனி அதே மாதத்து வடகடல் மாதிரி: எழும்பாமல், திரும்பி இழுக்காமல், மந்தமாகப் போய்க்கொண்டே இருக்கும். பழகிய காது திரையைப் பார்க்காமலே சொல்லிவிடும்.

மடை வாயில் தண்ணீர் சீறிப் பாய்வதுபோல், சுருங்கிய இடத்தில் இரத்தத்தின் வேகம் எகிறும். சற்று மேலே இருந்த வேகத்தைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், அங்கே விட்டம் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். சுவரின் படமும் ஓட்டத்தின் வேகமும் ஒன்றாகக் கிடைப்பதால் இதற்கு டூப்ளக்ஸ் ஸ்கேன் என்று பெயர்.

அதிகம் குழம்பும் இடம் இந்தத் திரைதான். சிவப்பு என்றால் நல்ல இரத்தம், நீலம் என்றால் கெட்ட இரத்தம் என்று நினைத்து, நீலத்தைப் பார்த்ததும் முகம் வாடிப்போகிறார்கள். அந்த நிறங்களுக்கும் இரத்தத்தின் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழக்கமாகக் கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போவது நீலம். நான் கருவியைச் சாய்க்கும் பக்கத்தை மாற்றினால் அதே தமனி நீலமாகிவிடும்.

இன்னொரு குழப்பம் அறிக்கையில் வரும் சதவீதம். ‘50 சதவீதச் சுருக்கம்’ என்றால் பாதிப் பாதை திறந்திருக்கிறது என்று ஆறுதல் அடைகிறோம். அங்கே குறிப்பது விட்டத்தை. 6 மில்லிமீட்டர் குழாய் 3 ஆனால், வட்டத்தின் பரப்பு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அதற்காக எண்ணைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். பக்கவழிகள் நன்றாக வளர்ந்திருந்தால் முழு அடைப்போடும் கடைவீதிக்கு நடந்து போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். காலின் நிலைமையைச் சொல்வது நடை தூரமும் கணுக்கால் அழுத்தமும் பாதத்தின் தோலும். சதவீதம் மட்டும் அல்ல.

சுருக்கமாக: எதிரொலி சுவரைக் காட்டுகிறது, டாப்ளர் வேகத்தைக் காட்டுகிறது, வேகம் எகிறும் இடமே சுருக்கம். கதிர்வீச்சு கிடையாது. குறை என்றால், சுண்ணாம்புப் படிவின் நிழலில் குழாய் மறையும். எடுப்பவரின் கைத்திறமையைப் பொறுத்து முடிவு மாறவும் செய்யும். இதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

முழு வரைபடம் வேண்டும்போது

மூன்றாவது கேள்வி எல்லோருக்கும் எழுவதில்லை. குழாயைத் திறக்கவோ மாற்றுவழி வைத்துத் தைக்கவோ முடிவான பிறகுதான், வயிற்றிலிருந்து பாதம் வரை ஒரே வரைபடம் தேவை. அதற்கு இரண்டு இயந்திரங்கள்.

சி.டி. ஆஞ்சியோகிராமில் படத்தில் தமனியை எடுத்துக்காட்டுவதற்காக, கையில் உள்ள ஒரு சிரை வழியாக அயோடின் கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும், கழித்திருக்க மாட்டீர்கள். மருந்து கால் தமனிகளை எட்டும்போது எக்ஸ்ரே சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும். எடுக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எக்ஸ்ரே என்பதால் கதிர்வீச்சு உண்டு. மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் முன்கூட்டியே பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும், முன்பு இந்த மருந்தால் ஒவ்வாமை வந்தவர்களும் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சுண்ணாம்பு அதிகமுள்ள தமனியில் இந்தப் படம் தடுமாறும். எதிரே வரும் லாரியின் விளக்கு, சாலையின் அகலத்தையே மறைத்துவிடுவதுபோல், சுண்ணாம்பின் வெண்மை உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்து நடுவில் உள்ள பாதையை மறைக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய தமனிகளில் இது பெரிய தொல்லை.

எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் எக்ஸ்ரே இல்லை, காந்தம். உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜனை வானொலி அலையால் உசுப்பி, அது தரும் பதிலைக் கேட்கிறது. மருந்தே இல்லாமலும் இதில் இரத்தக் குழாயைப் பார்க்க முடியும். ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் விடியற்காலையிலிருந்து நின்று குரல் கொடுத்தவர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் குரல் கணீரென்று கேட்கும். அசையாத சதை, அலைகள் திரும்பத் திரும்பப் பட்டுக் களைத்து அமைதியாகிவிடுகிறது. புதிதாக அந்த இடத்துக்குள் நுழையும் இரத்தம் மட்டும் உரக்கப் பதில் சொல்கிறது. படத்தில் தமனி மட்டும் வெள்ளையாக ஒளிரும்.

காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி எடுப்பதும் உண்டு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு எந்த வகை மருந்து என்பதை யோசித்தே கொடுப்பார்கள். சுண்ணாம்பு இங்கே இடைஞ்சல் செய்யாது. ஆனால் குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க உள்ளே ஏற்கெனவே வைத்த உலோக வலைக்குழல், அதாவது ஸ்டென்ட், அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்பே சொல்ல வேண்டும். குறுகிய குழலுக்குள், இரைச்சலில், அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் துளையில்லாச் சோதனைகள் எனப்படுகின்றன. தமனிக்குள் எந்தக் குழலும் நுழைவதில்லை என்பதே பொருள். கையில் ஊசி இருக்கலாம். தொடை இடுக்கில் தமனிக்குள்ளேயே மெல்லிய குழலைச் செலுத்தி எடுக்கும் பழைய ஆஞ்சியோகிராம் வேறு. ஆஞ்சியோகிராம் என்பது படம், ஆஞ்சியோபிளாஸ்டி என்பது சுருங்கிய இடத்தை விரிக்கும் சிகிச்சை. ஊரில் இரண்டுக்கும் ‘ஆஞ்சியோ’ என்ற ஒரே பெயர் வைத்துவிட்டதால், படம் எடுத்ததும் வலி ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். ஒரு துணைச் செய்தி: இதயத்தோடு மட்டும் நாம் சேர்த்துப் பேசும் இந்தச் சிகிச்சை, 1964-இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் 82 வயதுப் பெண்மணி ஒருவரின் காலில் செய்ததிலிருந்துதான் தொடங்கியது.

எதற்கும் காத்திருக்கக் கூடாத கால்

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போய், அசைக்க முடியாமல் வலித்தால் அது இரத்தக்கட்டி வந்து அடைத்ததாக இருக்கலாம். சில மணி நேரத்தில் காலே போய்விடக்கூடியது. அவர் வெளி ஸ்கேன் மையத்தில் வரிசையில் உட்காரக் கூடாது. நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவில் படுத்தால் பாதம் வலித்து, கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் குறைகிறவர்களும், விரல் கறுக்கத் தொடங்கியவர்களும் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்.

பெரியப்பாவின் கால்

பெரியப்பாவுக்கு டூப்ளக்ஸ் ஸ்கேன் எடுத்தோம். வலது தொடையின் நடுப்பகுதியில் தமனி முழுதாக அடைபட்டிருந்தது. முழங்காலுக்கு மேலே பக்கவழிகள் வந்து சேர்ந்து கீழே ஓட்டம் தொடர்ந்தது. புண் இல்லை, இரவு வலி இல்லை. மருத்துவர் சி.டி. எழுதவில்லை. இப்போதைக்குக் குழாயைத் திறக்கப் போவதில்லை என்றால் வரைபடம் எதற்கு என்றார். மாறாக இதயத்தைச் சோதிக்கச் சொன்னார், ஏனென்றால் கால் தமனியில் படிந்தது இதயத் தமனியிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். கொழுப்பைக் குறைக்கவும் இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரைகள் கொடுத்தார். பீடியை விடச் சொன்னார். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார். பெரியம்மாவுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம். மதுரைக்கு வண்டியெல்லாம் பேசி வைத்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பட்டை கட்டினேன். எண் 0.62. ஏறக்குறைய பழைய எண்தான். அடைப்பு அப்படியே இருக்கிறது, இருந்த இரத்தத்தைத் தசை சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியிருக்கிறது. பூவரச மரத்தைத் தாண்டி ஐஸ் கம்பெனி வரை நிற்காமல் போகிறார்.